அடிபட்ட பறவை, தாயைத் தொலைத்த குட்டி: கண்ணில் பட்டது முதல் வனத்துறையிடம் ஒப்படைப்பது வரை

ஓர் இங்க் ஃபில்லர், அரை டம்ளர் பசும்பால். முதன்முதலாக ஓர் அணில் குட்டியைக் 'காப்பாற்றிய' அன்று என்னிடம் இருந்தது இவ்வளவுதான். ஆடிக் காற்றில் ஜன்னல் ஏசிக்குப் பின்னாலிருந்த கூடு பிய்ந்து விழுந்தது. தேங்காய் நாரும் பழைய துணி நூலுமாக ஒரு பந்து, அதற்குள் கண் திறக்காத ஒரு குட்டி. சுண்டுவிரல் நீளம் இருக்கும். பாலை லேசாகச் சூடு பண்ணி வாயில் விட்டேன். நாலாவது சொட்டில் அதன் மூக்கில் வெள்ளையாக ஒரு குமிழ் வந்து உடைந்தது. பசியில் அவசரமாகக் குடிக்கிறது என்று நினைத்து இன்னும் இரண்டு சொட்டு விட்டேன். இரவெல்லாம் மூச்சில் ஒரு கறகறப்பு. மறுநாள் மதியம் செத்துவிட்டது.

பால் நுரையீரலுக்குள் போயிருந்தது. அது பின்னால் தெரிந்துகொண்டது. அதைவிட உறுத்துவது வேறொன்று. அன்று சாயங்காலம் முழுக்க காம்பவுண்டு சுவரில் ஒரு பெரிய அணில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. சத்தம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தியது நான்தான். கத்தியது தாய் என்று எனக்குப் புரியவே இல்லை.

அதற்கப்புறம் பல வருடங்களாகத் தெருவில் யாருக்காவது எதுவாவது அகப்பட்டால் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். மைனா, கூகை என்கிற ஆந்தை, கீரிக்குட்டி, ஒரு தடவை நட்சத்திர ஆமை. வருவதில் பாதியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவேன். மீதியில் பல, முதல் இரண்டு மணி நேரத்தில் எடுத்தவர் காட்டிய அன்பினாலேயே மோசமாகி வருகின்றன. கீழே வருகிற படிகளில் 'செய்யாதீர்கள்' அதிகமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். எழுதியிருப்பது தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து.

படி 1: கையில் எடுக்காமல் பாருங்கள்

பத்தடி தள்ளி நின்று முதலில் பாருங்கள். நாயையும் பூனையையும் குழந்தைகளையும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டால், இந்த நேரத்தில் அதுவே பெரிய உதவி.

ரத்தம் வருகிறது, ஒரு சிறகு தொங்குகிறது, காலை ஊன்ற முடியவில்லை, ஈ மொய்க்கிறது, மாஞ்சா நூலோ மீன்வலையோ சுற்றியிருக்கிறது, பூனை வாயிலிருந்து வந்தது, பக்கத்தில் தாய் செத்துக் கிடக்கிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் தயங்காமல் படி 3-க்குப் போங்கள். பூனை வாயில் சிக்கியதற்கு வெளியே காயமே தெரியாது. பூனைப் பல் ஊசி மாதிரி இறங்கும். அந்த எச்சிலிலுள்ள கிருமி ஓரிரு நாளில் ஒரு சின்னப் பறவையைக் கொன்றுவிடும். 'ஒரு கீறல்கூட இல்லை சார்' என்று சொல்லி வைத்துக்கொண்டிருக்காதீர்கள். அதற்கு அன்றைக்கே மருந்து போக வேண்டும்.

இது எதுவும் இல்லை, சும்மா தரையில் உட்கார்ந்திருக்கிறது என்றால் அதற்கு உங்கள் உதவி தேவையில்லாமலே இருக்கலாம். மார்ச் முதல் ஜூன் வரை நகரத்தில் 'மீட்கப்படும்' காக்கை, மைனா, கொண்டைக்குருவிக் குஞ்சுகளில் பெரும்பாலானவை பறக்கப் பழகுபவை. உடம்பு முழுக்க இறகு இருக்கும், வால் மட்டும் குட்டையாக இருக்கும், தத்தித் தத்திப் போகும். இரண்டு மூன்று நாள் தரையிலும் தாழ்ந்த கிளையிலும் இருந்துதான் அது பறக்கக் கற்கும். தாய் தகப்பன் மேலே மின்கம்பியில் உட்கார்ந்து உங்களைத் திட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தால் அவை கீழே இறங்கி ஊட்டவும் செய்யாது. ஒளிந்து நின்று ஒரு மணி நேரம் பார்த்தால் தெரிந்துவிடும்.

காக்கைக் கூட்டுக்குக் கீழே வேறு நிறத்தில், புள்ளி போட்ட குஞ்சு கிடந்தால் அது குயிலாக இருக்கும். 'காக்கா இதைக் கொத்தித் தள்ளிவிட்டது' என்று எடுத்து வருவார்கள். கூட்டைவிட்டு வெளியே வந்த பிறகும் காக்கைதான் அதற்கு ஊட்டும். கொஞ்சம் மேலே, இலை மறைவாக ஒரு கிளையில் உட்கார வைத்துவிட்டு வந்தால் போதும்.

புள்ளிமான் குட்டி விஷயம் இன்னும் மோசம். தாய் மான் குட்டியைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு மேயப் போய்விடும். நேரம் பார்த்து வந்து பால் கொடுக்கும். குட்டிக்கு அசையாமல் கிடப்பதுதான் பாதுகாப்பு. ஆள் பக்கத்தில் போனாலும் எழுந்து ஓடாது. அதைப் பார்த்துத்தான் 'தாயைப் பிரிந்து தவித்த மான்குட்டி மீட்பு' என்று செய்தி வருகிறது. பல நேரம் தாயைப் பிரித்ததே அந்த மீட்புதான். காட்டு முயல் குட்டிக்கும் இதே கதை.

படி 2: திரும்பச் சேர்க்க முடியுமா?

மனுஷ வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று நம் எல்லோருக்கும் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பறவைகளைப் பொறுத்தவரை இது பொய். கூட்டில் திரும்ப வைத்த குஞ்சைத் தாய் ஏற்றுக்கொள்ளும். அணிலும் தன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். இந்த ஒரு நம்பிக்கையை விட்டாலே பாதிக் குஞ்சுகள் பிழைத்துக்கொள்ளும்.

இறகு முளைக்காத குஞ்சு என்றால் கூட்டைத் தேடி அதிலேயே வையுங்கள். கூடு எட்டாத உயரத்தில் இருந்தாலோ பிய்ந்து போயிருந்தாலோ பழக்கடையில் கிடைக்கிற சின்ன மூங்கில் கூடையை எடுத்து, அடியில் காய்ந்த புல்லோ தேங்காய் நாரோ போட்டு, அதே மரத்தில் எவ்வளவு உயரம் எட்டுமோ அங்கே கட்டுங்கள். மழைநீர் வடியும்படி இருக்க வேண்டும். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். தண்ணீர் தேங்கும், வெயிலில் கொதிக்கும்.

அணில் குட்டிக்கு ஒரு சின்ன அட்டைப் பெட்டி போதும். மூடி வேண்டாம். விழுந்த கூட்டின் நாரையே உள்ளே போட்டு, துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, விழுந்த இடத்துக்கு நேரே, பூனை ஏறாத உயரத்தில் வையுங்கள். குட்டி குளிர்ந்திருந்தால் முதலில் உள்ளங்கையில் வைத்துச் சூடு ஏற்றுங்கள். சூடாக இருக்கிற குட்டிதான் கத்தும், அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் தாய் வரும். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுங்கள். பகலில் இரண்டு மூன்று மணி நேரம் கொடுங்கள். அணில் இரவில் வராது. இருட்டியும் வரவில்லை என்றால் எடுத்து உள்ளே வைத்துவிட்டு மறுநாள் விடியும்போது திரும்ப வைக்கலாம்.

கரும்பு வெட்டுகிற இடத்தில் குட்டிகள் கிடைத்தால் 'சிறுத்தைக் குட்டி' என்று ஊரே கூடிவிடும். சமவெளியில் அது பெரும்பாலும் காட்டுப்பூனைக் குட்டி. எதுவாக இருந்தாலும் அந்த வரிசையில் வெட்டை நிறுத்திவிட்டு, வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, ஆட்களை வெளியேற்றுங்கள். இருட்டியதும் தாய் வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போகும். மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பக்கத்துக் கரும்புக் காடுகளில் உண்மையான சிறுத்தைக் குட்டிகளையே இப்படி, கிடைத்த இடத்திலேயே பெட்டியில் வைத்து இரவு முழுக்கக் காத்திருந்து தாயோடு சேர்க்கிறார்கள்.

யானைக்குட்டி தனியாக நின்றால் உங்கள் வேலை போன் பண்ணுவது மட்டும்தான். தாய் பக்கத்தில் இருந்தால் உங்கள் உயிர் போகும். இல்லாவிட்டால் நீங்கள் தடவிக் கொடுத்து ஆவதொன்றும் இல்லை. 2023 டிசம்பர் கடைசியில் ஆனைமலையில், வால்பாறைப் பக்கம், கூட்டத்தைப் பிரிந்த ஒரு குட்டியை வனத்துறையினர் தேடிச் சேர்த்தார்கள். சில நாள் கழித்து அது தாயோடு ஒட்டிப் படுத்துத் தூங்கும் படம் எல்லோர் போனிலும் வலம் வந்தது. அதற்குப் பின்னால் ட்ரோனும் வழி தெரிந்த களப்பணியாளர்களும் இருந்தார்கள்.

படி 3: எடுத்தே ஆக வேண்டும் என்றால்

எல்லாவற்றையும் எடுக்கக் கூடாது. பாம்பு, குரங்கு, வௌவால், கீரி, மரநாய், நரி, உடும்பு, மான், காட்டுப்பன்றி, முதலை: இவற்றின் மேல் கை வைக்காதீர்கள். மான் வலுவில்லாததுபோல் தெரியும். ஆனால் பிடித்து அமுக்கினால் அந்தப் பயத்திலேயே தசைகள் சிதைந்து அப்போதேயோ இரண்டு நாள் கழித்தோ செத்துப்போகும். மேலே ஒரு துணியைப் போட்டுக் கண்ணை மறைத்துவிட்டுக் கூட்டத்தை விலக்குவது ஒன்றுதான் நாம் செய்யக்கூடியது. பாம்பு வலையில் சிக்கியிருந்தால் அதைச் சுற்றியுள்ள வலையைத் தள்ளி வெட்டி விடலாம், ஒரு நீளக்கோலின் தூரத்திலிருந்து. உடம்பை அறுக்கும் நூலைப் பாம்பு பிடிப்பவர் எடுக்கட்டும்.

பறவைகளை எடுக்கலாம். ஆயுதம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். கொக்கு, நாரை வகைக்கு அலகு. குருட்டுக்கொக்கு அசையாமல் சாதுவாக நிற்கும். கழுத்தை உள்ளே இழுத்து வைத்திருக்கிறதே என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் அடுத்த நொடி அலகு உங்கள் கண்ணில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, முதலில் தலையைப் பிடியுங்கள். பருந்து, வல்லூறு, ஆந்தை வகைக்கு ஆயுதம் கால். அலகைப் பார்த்துப் பயந்து, காலை மறந்துவிடுவார்கள். நகம் உள்ளே இறங்கினால் அது தானாக விடாது. பச்சைக்கிளி விரலில் கடித்தால் சதை பெயரும்.

பழைய லுங்கியோ துண்டோ எடுங்கள். பின்பக்கமாகப் போய் மேலே போட்டு மூடுங்கள். இருட்டானதும் அடங்கும். சிறகு இரண்டையும் உடம்போடு சேர்த்து, இரண்டு கையாலும் துணியோடு தூக்குங்கள். நெஞ்சை இறுக்காதீர்கள், பறவை நெஞ்சை விரித்துத்தான் மூச்சு விடும், கழுத்தை விட்டுவிட்டு நெஞ்சை அழுத்தினாலும் மூச்சு நின்றுவிடும்.

மாஞ்சா சிக்கிய பருந்தை மரத்திலிருந்து இறக்கினால் நூலை உருவாதீர்கள். கண்ணாடித்தூள் பூசிய நூல் ஏற்கெனவே தசைக்குள் இறங்கியிருக்கும். உருவினால் ரம்பம் போல அறுக்கும். இரண்டு பக்கமும் சாண் நீளம் விட்டு வெட்டிவிட்டு அப்படியே கொண்டுபோங்கள். அந்த நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. இன்னும் கிடைக்கிறது.

கடித்துவிட்டால், பிராண்டிவிட்டால்: குழாயடியில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கீரி, குரங்கு, நரி, மரநாய், வௌவால் என்று எந்தப் பாலூட்டி கடித்தாலும் ரேபிஸ் ஊசியைப் பற்றி மருத்துவர் முடிவு செய்யட்டும். தோலுக்குள் போடும் முறையில் கடித்த நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள் என்று போடுவார்கள். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. பாம்பு கடித்தால் கயிறு கட்டாமல், கீறாமல், 108-ஐக் கூப்பிடுங்கள்.

படி 4: பெட்டி

இந்த வேலையில் என் கையில் இருக்கிற ஒரே நல்ல கருவி செருப்புப் பெட்டி. மைனா அளவுக்கு அது சரி. பருந்து, கூகை அளவுக்கு மளிகைக்கடை அட்டைப் பெட்டி. உள்ளே திரும்பி நிற்க இடம் இருந்தால் போதும். பெரிதாக இருந்தால் அடித்துக்கொண்டு இன்னும் காயம் ஆகும்.

ஓட்டையைப் பறவையை உள்ளே வைப்பதற்கு முன்னால் போடுங்கள். சொல்லவே வேண்டாம் என்று தோன்றும், ஆனால் மூடிய பெட்டியில் கத்தியை விட்டுக் குத்திய ஆளை நான் பார்த்திருக்கிறேன். பென்சிலால் உள்ளேயிருந்து வெளியே குத்தினால் கூர் விளிம்பு வெளிப்பக்கம் வரும். அடியில் பழைய பருத்தி வேட்டித் துணியை விரியுங்கள். டர்க்கி டவல் வேண்டாம். அதன் நூல் வளையத்தில் நகம் மாட்டிக்கொண்டு கால் முறியும். வெறும் செய்தித்தாள் வழுக்கும்.

கம்பிக் கூண்டில் காட்டுப் பறவையை வைக்காதீர்கள். வெளிச்சம், சுற்றிலும் முகங்கள். கம்பியில் மோதி மோதிச் சிறகின் இறகெல்லாம் ஒடிந்துபோகும். எலும்பு கூடினாலும் அந்த இறகு மறுபடி முளைக்கும்வரை பறக்க முடியாது, அதற்கு மாதக்கணக்கு ஆகும்.

இறகோ முடியோ இல்லாத குட்டிக்கு மட்டும் சூடு வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் வையுங்கள். மறு பாதி சும்மா இருக்கட்டும்; சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ளும். பாட்டில் ஆறிவிட்டால் அது குட்டியின் சூட்டையே உறிஞ்சும், ஒரு மணிக்கொரு தரம் மாற்றுங்கள்.

மூடியை மூடி டேப் ஒட்டி, வீட்டிலேயே சத்தமில்லாத அறையில், மின்விசிறிக்கு நேரே இல்லாமல், தரையில் வையுங்கள். பிறகு திறக்காதீர்கள். இது மிகக் கஷ்டமான படி. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 'உயிரோடு இருக்கா' என்று பார்க்கத் தோன்றும். பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் காட்டத் தோன்றும். உங்கள் முகம் அதற்குத் தன்னைத் தின்ன வந்த மிருகத்தின் முகம். கண்ணை மூடிக்கொண்டு தடவலுக்கு அடங்கி இருக்கிறது என்று நீங்கள் நினைப்பது, பயத்தில் உறைந்துபோயிருப்பது.

கண்ணாடி ஜன்னலில் மோதி விழுந்த பறவைக்குப் பல நேரம் இந்தப் பெட்டியே சிகிச்சை. அக்டோபர் வாக்கில் வலசை வருகிற ஆறுமணிக்குருவி சென்னையில் வீட்டுக்குள்ளும் கார் நிறுத்தும் இடத்திலும் வந்து விழும். பச்சை, நீலம், வயிற்றடியில் சிவப்பு என்று ஏழெட்டு நிறம். யாரும் அதுவரை பார்த்திருக்க மாட்டார்கள், வளர்ப்புப் பறவை தப்பி வந்துவிட்டது என்பார்கள். இரண்டு மணி நேரம் இருட்டில் வைத்து, மரம் செடி உள்ள இடத்தில் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தால் பெரும்பாலும் தானே போய்விடும். தூக்கி வீசாதீர்கள். போகவில்லை என்றால் மூடிவிட்டு அடுத்த படி.

படி 5: சாப்பாடு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், மஞ்சள் வேண்டாம்

வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு வாய் காபியாவது கொடுக்காமல் அனுப்ப நமக்கு மனசு வராது. இங்கே அந்தக் குணம்தான் கொல்கிறது.

பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கும். அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றினால் நேரே நுரையீரலுக்குத்தான் போகும். பறவைக்குப் பால் செரிக்காது. பால்சோறு, ரொட்டி, பிஸ்கட் எதுவும் ஆகாது. குளிர்ந்துபோன குட்டிக்கு எதைக் கொடுத்தாலும் வயிற்றில் அப்படியே நின்றுவிடும். முதலில் சூடு, பிறகு நீர்ச்சத்து, கடைசியில்தான் சாப்பாடு. அந்த வரிசையை மீட்பு மையத்தில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கத்திரி வெயிலில் மயங்கி விழுந்த காக்கை தானே தலையை நிமிர்த்தி நின்றால் மட்டும் ஒரு ஆழமில்லாத தட்டில் தண்ணீரை முன்னால் வைக்கலாம். குடித்தால் குடிக்கட்டும்.

ஓர் இரவு உங்களிடமே இருக்க வேண்டிவந்தால், என்ன கொடுக்கலாம் என்று மையத்தையே போனில் கேளுங்கள். இணையத்தில் தேடாதீர்கள். மைனாவுக்குப் பூச்சி, புறாக்குஞ்சுக்குத் தாயின் தொண்டைப் பையில் சுரக்கும் பால் போன்ற கூழ், கூகைக்கு முழு எலி. ஒன்றுக்கு மருந்து இன்னொன்றுக்கு நஞ்சு.

காயத்தில் மஞ்சள் அப்பி, இறகில் தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டுவருகிறார்கள். எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கொள்ளும், தண்ணீரையும் தாங்காது, குளிரையும் தாங்காது. அதைக் கழுவி எடுக்க இன்னொரு போராட்டம். புழு வைத்த புண்ணில் மண்ணெண்ணெய், ஃபினாயில் ஊற்றாதீர்கள். வீட்டில் இருக்கிற வலி மாத்திரை எதுவும் வேண்டாம். முறிந்த சிறகுக்கு ஐஸ்குச்சி வைத்துக் கட்ட வேண்டாம். கோணலாகக் கட்டினால் கோணலாகவே கூடிவிடும்.

ஆமைக்கு ஒரு தனி வார்த்தை. முதுகில் மஞ்சள் நட்சத்திரக் கோடுகள் உள்ள கட்டாமை நிலத்தில் வாழ்வது. 'ஆமைதானே, தண்ணீர்ல விட்டா பிழைச்சுக்கும்' என்று கிணற்றிலும் கோயில் குளத்திலும் போட்டுவிடுகிறார்கள். நீந்தத் தெரியாமல் முழுகிச் சாகும். கடற்கரையில் அடிபட்டு ஒதுங்கிய பங்குனி ஆமைக்கு நேர் எதிரான தவறு: அது களைத்துப்போய்க் கரையேறியிருக்கிறது, திரும்பக் கடலுக்குள் தள்ளினால் மூச்சுவிட மேலே வர வலுவில்லாமல் மூழ்கும். நிழல் கட்டி, ஓட்டின் மேல் ஈரத்துணி போட்டு (மூக்கை மூடாமல்), வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

படி 6: யாரைக் கூப்பிடுவது

1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அட்டவணையில் உள்ள காட்டுயிர் அரசின் சொத்து. சட்டத்தின் 39-ஆவது பிரிவு, அது உங்கள் கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. காப்பாற்றியதற்காக யாரும் உங்கள் மேல் வழக்குப் போட மாட்டார்கள். காப்பாற்றி, பேர் வைத்து, ஆறு மாதம் வளர்த்து, வீடியோ போட்டால் வரலாம். பச்சைக்கிளி வளர்ப்பதே குற்றம் என்பது இன்னும் பலருக்குத் தெரியாது.

கூப்பிட வேண்டியது உங்கள் பகுதி வனச்சரகர் அலுவலகத்தை. காடே இல்லாத மாவட்டத்திலும் வனச்சரகம் உண்டு. மாவட்ட நிர்வாக இணையதளத்தில் மாவட்ட வன அலுவலர் எண் இருக்கும். இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள், ராத்திரி பத்து மணிக்கு ஒரு கையில் பருந்தோடு தேட முடியாது. யாரும் எடுக்கவில்லை என்றால் 112. வீட்டுக்குள் பாம்பு என்றால் பல ஊர்களில் தீயணைப்பு நிலையத்தார்தான் முதலில் வருகிறார்கள். 1962 என்பது ஆடு மாடுகளுக்கான கால்நடை ஆம்புலன்ஸ், காட்டுயிருக்கானதல்ல.

சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டி வனத்துறை அலுவலகம் இருக்கிறது. வண்டலூர் அண்ணா உயிரியல் பூங்காவில் மீட்பு, மறுவாழ்வு மையம் இருக்கிறது. சிகிச்சைக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. வெளியூரில் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடைக் கல்லூரிகள் உண்டு. திருநெல்வேலி கூந்தன்குளத்தில் மரத்திலிருந்து விழுகிற நாரைக் குஞ்சுகளை ஊர்க்காரர்களே எடுத்துப் பார்த்துக்கொள்வது பழைய வழக்கம். எங்கே போவதாக இருந்தாலும் முதலில் வனத்துறையிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

போனில் பேசும்போது கதை வேண்டாம். இப்படிப் பேசினால் வேலை நடக்கும்:

"வணக்கம் சார், திருவான்மியூர்லேர்ந்து பேசறேன். ஒரு கூகை அடிபட்டுக் கிடந்தது. இடது சிறகு தொங்குது, ரத்தம் நின்னுடுச்சு. பெட்டியில வெச்சிருக்கேன். சாப்பிட எதுவும் குடுக்கலை."

"எங்க கிடந்தது சார்?"

"மார்க்கெட் பக்கத்துல, தண்ணி டேங்க் கீழ. காலையில ஆறரைக்கு. நீங்க ஆள் அனுப்புவீங்களா, நானே கொண்டுவரட்டுமா சார்?"

கொண்டுவரச் சொன்னால் சொன்னவர் பெயர், பதவி, நேரம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். வழியில் போலீஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னால் அந்த மூன்று விவரம் உதவும். ஒரு தடவை யாரிடமும் சொல்லாமல் பெட்டியோடு போய், ஒரு சோதனைச் சாவடியில் கிளி கடத்துகிறவனாக முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். அவர்கள் மேல் தப்பில்லை. உண்மையான கடத்தல்காரனும் அட்டைப் பெட்டியில்தான் கொண்டுபோவான்.

படி 7: வழியில்

பைக்கில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள். ஆட்டோவோ காரோ, பெட்டி மடியில் அல்லது கால் வைக்கும் இடத்தில். டிக்கியில் வேண்டாம், மே மாதத்தில் அது அடுப்பு. பாட்டை நிறுத்துங்கள், ஏசியைக் குறையுங்கள், டீக்கு நிற்காதீர்கள். ஆட்டோ அண்ணனிடம் பெட்டியில் ஆந்தை என்று முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. அபசகுனம் என்று பாதி வழியில் இறக்கிவிட்டவர்கள் உண்டு.

பெட்டி மேல் ஒரு தாள் ஒட்டுங்கள்: கிடந்த இடம், நேரம், என்ன நடந்தது, நாயோ பூனையோ தொட்டதா, எதாவது கொடுத்தீர்களா. பால் கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் எழுதுங்கள். மருத்துவருக்கு அது முக்கியம்.

படி 8: ஒப்படைத்த பிறகு

ஒப்படைத்ததற்கு எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் பிரிந்து வந்துவிடுங்கள். அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு பார்க்கப் போக முடியாது. ஆள் முகம் பழகாமல் இருப்பதுதான் சிகிச்சையில் பாதி. எல்லாம் பிழைக்காது. சிறகு எலும்பு மூட்டிலேயே நொறுங்கிப்போன பருந்தை மருத்துவர் கருணைக்கொலை செய்யலாம். அதைக் கேட்டு அவரிடம் கோபப்படாதீர்கள். பறக்க முடியாத பருந்து இருபது வருடம் கூண்டில் உட்கார்ந்திருப்பதை ஒரு நாள் பார்த்தால் உங்களுக்கும் புரியும்.

பிழைத்தால் பெரும்பாலும் எடுத்த இடத்திலேயே விடுவார்கள். வளர்ந்த பறவைக்கும் பாம்புக்கும் அதன் இரை, தண்ணீர், ஒளிவிடம் எல்லாம் அங்கேதான். 'தண்ணி டேங்க் கீழ' என்று எழுதியது அதற்குத்தான். போனில் சொன்ன அந்தக் கூகைக்குச் சிறகு முறியவில்லை, சதை பிசகியிருந்தது. ஐந்தாவது வாரம் ஒரு வனவர் கூப்பிட்டு, எந்த டேங்க், ரெண்டு இருக்கே என்று கேட்டார். போய்க் காட்டினேன். ஏழு மணிக்குப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சத்தமே இல்லாமல் மேலே போய் டேங்க் விளிம்பில் உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டது.